‘ஒண்ணும் கொற இல்ல மிஸ்ஸி’: குறைமாதக் குழந்தைகளின் குடும்ப அனுபவத்தை ஆராய, மலையகத் தாதியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குறைமாதக் குழந்தைகள் பிரிவில் ஒரு குழந்தைக்காக ஒரு நாளில் எத்தனை எண்களை எழுதுகிறோம் என்று ஒரு முறை எண்ணிப் பார்த்தேன். நிறை, உடற்சூடு, மூச்சு, இதயத் துடிப்பு, ஒக்சிசன் அளவு, எத்தனை மில்லிலீற்றர் பால், எத்தனை தடவை சிறுநீர். தாள் நிறைந்துவிடுகிறது. அதே தாளில் அம்மாவைப் பற்றி இருந்தது ஒரே வரி: ‘தாய் பால் கொண்டுவந்தார்.’

அந்த அம்மாவிடம் நான் பேசியிருக்கிறேன். பிள்ளை வீட்டுக்குப் போகிற நாளில், சீருடையோடு, கையில் கோப்போடு நின்று, “இங்கே கவனிப்பு எப்படி இருந்தது?” என்று கேட்டேன். “ஒண்ணும் கொற இல்ல மிஸ்ஸி, நல்லா பாத்துக்கிட்டீங்க” என்றார். தாதியை இங்கே மிஸ்ஸி என்றுதான் அழைப்பார்கள். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். சில வாரங்களுக்குப் பிறகு பஸ் நிலையத்தில் சாதாரண உடுப்பில் நின்றிருந்த என்னிடம் அவரே வந்து பேசினார். பிள்ளை பிறந்து ஐந்து நாள் வரைக்கும் அதைத் தொடலாம் என்று தனக்குத் தெரியாது என்று, குறையாகக்கூட இல்லாமல், பஸ் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

இரண்டு பதிலும் ஒரே வாயிலிருந்து வந்தவை. முதல் பதிலுக்கும் இரண்டாவது பதிலுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதிலிருந்துதான் இந்த வழிகாட்டி தொடங்குகிறது. இலங்கை மலையகத்தின் நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளைப் பக்கத்து வைத்தியசாலைகளில் வேலை செய்யும் தாதியருக்கும், தாதியர் பட்டப்படிப்பில் முதல் ஆய்வைச் செய்யப்போகும் மாணவருக்கும் இதை எழுதுகிறேன். பெரிய பணம் தேவையில்லை. ஒரு வருடப் பொறுமை தேவை.

படி 1: கேள்வியை வார்டிலேயே தேடுங்கள்

‘குறைமாதக் குழந்தைகளின் பெற்றோர் அனுபவம்’ என்று தலைப்பு வைத்தால் வருடம் முடிந்தாலும் ஆய்வு முடியாது. ஒரு சின்னக் கொப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு, மனதில் உறுத்தியதை மட்டும் எழுதுங்கள். கூப்பிடும் வரை உள்ளே வராமல் வாசலிலேயே நிற்கும் அம்மா. பம்பர்ஸைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, பிள்ளையைப் பார்க்காமலே கடைசி பஸ்ஸுக்கு ஓடும் அப்பா. கறுப்புப் பொட்டு வைக்கலாமா என்று கேட்க வந்து, கேட்காமலே திரும்பிப்போகும் பாட்டி.

இப்போது அந்தக் கொப்பியில் இருந்து ஒன்றை எடுங்கள். ‘குழந்தையைத் தொடலாம் என்பதைத் தாய் எப்போது, யாரிடமிருந்து, எந்த மொழியில் அறிந்துகொள்கிறார்?’ இது ஆய்வுக் கேள்வி. இதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யலாம்.

‘எத்தனை பேர்’, ‘எவ்வளவு’ என்று உங்கள் கேள்வி தொடங்கினால் கேள்வித்தாளும் எண்ணிக்கையும் வேண்டும். ‘எப்படி’, ‘என்ன நடந்தது’ என்று தொடங்கினால் நேர்காணல் வேண்டும். இதைக் குழப்பிக்கொண்டு பதினைந்து அம்மாக்களிடம் பேசிவிட்டு ‘73 சதவீதத்தினர் திருப்தி அடைந்தனர்’ என்று எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பதினைந்து பேரில் சதவீதத்துக்கு ஒரு பொருளும் இல்லை.

படி 2: வாசியுங்கள், ஆனால் ஒரு கேள்வியோடு வாசியுங்கள்

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளம் இலவசம். இலங்கைச் சஞ்சிகைகளை ‘ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்’ தளத்தில் தேடலாம். இலங்கைக் குழந்தை மருத்துவர் கல்லூரியின் சஞ்சிகையும் வாசிக்க வேண்டியது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்களுக்காக, என் பார்வையை மாற்றிய சிலவற்றைச் சொல்கிறேன்.

1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்து வைத்தியசாலைகளில் சிறுபிள்ளைகளைப் பெற்றோர் பார்க்கக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. முதல் சில நாள் அழும் பிள்ளை பிறகு அடங்கிவிடும். ‘பிள்ளை பழகிவிட்டது’ என்று ஊழியர்கள் நிம்மதி அடைந்தார்கள். ஜேம்ஸ் றொபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் அந்தப் பிள்ளைகளை உட்கார்ந்து கவனித்தார். அந்த அமைதி பழக்கம் அல்ல, நம்பிக்கை இழந்த அமைதி என்று காட்டினார். 1959இல் பிரித்தானியாவின் பிளாட் குழு, பெற்றோர் எந்த நேரமும் வரலாம், அம்மா பிள்ளையுடன் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. இன்று நாம் ‘குடும்பத்தை மையப்படுத்திய பராமரிப்பு’ என்று படிப்பதற்குப் பின்னால் இருக்கும் முக்கியமான அவதானிப்பு இதுதான். ‘ஒண்ணும் கொற இல்ல மிஸ்ஸி’ என்று சொல்லும் அம்மாவின் அமைதியையும் நான் இப்போது அப்படித்தான் கேட்கிறேன்.

அப்புறம், 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் டொக்டர் எட்கார் ரே, இன்குபேட்டர் போதாத நிலையில் குழந்தையை அம்மாவின் மார்போடு தோல் படும்படி வைக்கத் தொடங்கினார். அதுதான் கங்காரு பராமரிப்பு. 1979இல் எஸ்தோனியாவின் தாலின் நகரில், தாதியர் பற்றாக்குறையால் டொக்டர் ஆதிக் லெவின் அம்மாக்களையே உள்ளே எடுத்து, ஊசி, மருந்து தவிர மற்ற எல்லாவற்றையும் அவர்கள் கையில் கொடுத்தார். இரண்டுமே வசதிக் குறைவில் பிறந்தவை என்பதை நம்மைப் போன்ற வார்டுகளில் வேலை செய்பவர்கள் மறக்கக் கூடாது. 2021இல் வெளியான பெரிய ஆய்வொன்று கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்தது. பிறந்த உடனேயே கங்காரு பராமரிப்புக் கிடைத்த, 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். நிலைமை சீரான பிறகு தொடங்கியவர்களில் 15.7 சதவீதம். அடுத்த வருடமே உலக சுகாதார நிறுவனம், ஒரு நாளில் 8 முதல் 24 மணித்தியாலம் வரை, இயன்றவரை பிறந்ததும் தொடங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

சரி, இதையெல்லாம் வாசிக்கும்போது ஒரு கேள்வியை மனதில் வைத்திருங்கள்: இந்தக் குடும்பம் நம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருந்தால் இது எப்படி நடக்கும்? 8 மணித்தியாலம் மார்போடு பிள்ளையை வைத்திருக்கும் அம்மாவின் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்? நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல் இருக்கிறது. பிறந்த குழந்தையின் உடற்சூடு 36.5க்கும் 37.5 பாகை செல்சியசுக்கும் இடையில் இருக்க வேண்டும். டிசம்பர் மாத இரவில், தகரக் கூரைக்குக் கீழே, ஒற்றைக் காம்பராவில் அதை எப்படிப் பேணுகிறார்கள்? வாசித்த கட்டுரைகளில் பதில் கிடைக்காத இடத்தில்தான் உங்கள் ஆய்வுக்கு இடம் இருக்கிறது.

படி 3: அனுமதி

முதலில் நெறிமுறை மீளாய்வுக் குழு. பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் போன்ற இடங்களில் இந்தக் குழுக்கள் உள்ளன. அதற்குப் பிறகு வைத்தியசாலைப் பணிப்பாளர், குழந்தை வைத்திய நிபுணர், வார்டுப் பொறுப்புத் தாதி. ஒழுங்கை மாற்றாதீர்கள். குழுவின் கடிதம் கைக்கு வருவதற்கு முன் ஒரு அம்மாவிடம் பேசினாலும் அந்தப் பேச்சைப் பயன்படுத்த முடியாது. சில மாதங்கள் போகலாம். அந்த நேரத்தில் படி 5ஐச் செய்யுங்கள்.

சம்மதம் பெறுவது படிவத்தில் கையெழுத்து வாங்கும் வேலை என்று நினைத்தால் ஆய்வு அங்கேயே கெட்டுவிடும். நம் வைத்தியசாலைச் சேவை இலவசம். பிள்ளை இன்னும் நம் கையில் இருக்கிறது. இந்த நிலையில் ஒரு மிஸ்ஸி கேட்டால் எந்த அம்மா மாட்டேன் என்பார்? அதனால் அந்தக் குழந்தையைப் பராமரிக்கும் தாதி சம்மதம் கேட்கக் கூடாது. வேறு வார்டில் இருக்கும் ஒருவர், அல்லது வெளியிலிருந்து வரும் ஒருவர் கேட்கட்டும். தகவல் தாளைத் தமிழில் எழுதி, வாய்விட்டு வாசித்துக் காட்டி, வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். இரண்டு நாள் கழித்துத்தான் பதில் கேளுங்கள். நம் பெண்கள் ‘இல்லை’ என்று நேராகச் சொல்வது குறைவு. ‘அவர்ட்ட கேக்கணும்’, ‘பொறகு பாப்போம்’ என்று சொல்வார்கள். இரண்டாவது முறையும் அதே பதில் வந்தால் அது மறுப்புத்தான். நன்றி சொல்லிவிட்டு விலகுங்கள்.

எழுத வாசிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது ஊழியர் அல்லாத ஒரு சாட்சி வேண்டும். 18 வயதுக்குக் குறைந்த அம்மாவைச் சேர்ப்பதானால் அதை முன்கூட்டியே குழுவுக்கு எழுதி, அவர்கள் சொல்லும் முறையைப் பின்பற்றுங்கள்.

பெயரை மறைப்பது பற்றி ஒரு வார்த்தை. நகரத்து ஆய்வில் பெயரை மாற்றினால் போதும். தோட்டத்தில் போதாது. ‘29 வாரத்தில் இரட்டைக் குழந்தை பெற்றவர்’ என்று எழுதினால் தோட்டத்தின் அந்தப் பிரிவு, அதாவது டிவிசன், முழுக்க யாரென்று தெரிந்துவிடும். தோட்டத்தின் பெயர், குழந்தைகளின் எண்ணிக்கை, கணவரின் வேலை, இப்படி எது அடையாளம் காட்டும் என்று பார்த்து ஒவ்வொன்றாக நீக்குங்கள். ஒலிப்பதிவை வட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், உங்கள் ஆய்வை மேற்பார்வை செய்பவருக்குக்கூட.

படி 4: யாரிடம் பேசுவது

அனுபவத்தை ஆராயும்போது சீட்டுக் குலுக்கித் தெரிவு செய்வதில்லை. எந்த அனுபவம் வேண்டுமோ அது உள்ளவர்களைத் தேடிப் போகிறோம். பன்னிரண்டு முதல் பதினைந்து குடும்பங்கள் ஒரு முதல் ஆய்வுக்குத் தாராளம். புதிதாக எதுவும் வராத நிலை வந்தால் நிறுத்தலாம்.

இலகுவாகக் கிடைப்பவர்கள் பக்கம் மட்டுமே போகாதீர்கள். டவுனுக்கு அருகில் இருப்பவர், நன்றாகப் பேசுபவர், கிளினிக்குக்குத் தவறாமல் வருபவர், இவர்கள் மட்டும் இருந்தால் படம் பாதிதான். பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கத்து மேல் டிவிசன்களில் இருந்து வருபவர்கள், ஹட்டனில் பஸ் மாறி நாவலப்பிட்டி, கண்டி, பேராதனை என்று பிள்ளையின் பின்னால் அலைந்தவர்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளையை இடையில் கூட்டிப்போனவர்கள் இருக்கிறார்கள். கடைசியாகச் சொன்னவர்களைப் பற்றி வார்டில் கோபமாகத்தான் பேசுவோம். அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

அப்பாக்களையும் பாட்டிமாரையும் விடாதீர்கள். பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு குளிப்பாட்டுவதா, எண்ணெய் வைப்பதா, தீட்டுக் கழியும் வரை அம்மா எங்கே படுப்பது என்பதையெல்லாம் பல வீடுகளில் பாட்டிதான் தீர்மானிக்கிறார். வார்டில் நாம் கொடுக்கும் அறிவுரை அவர் காதுக்குப் போகவே இல்லை.

பிள்ளையை இழந்த குடும்பங்களிடம் முதல் ஆய்வில் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அவர்களின் அனுபவம் மிக முக்கியம். அதைக் கேட்கப் பயிற்சியும், கேட்ட பிறகு நம்மைத் தாங்க ஒருவரும் வேண்டும்.

படி 5: கேள்விகளை எழுதுதல்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. ஆறு முதல் எட்டுக் கேள்விகள் போதும். ஆனால் ஒவ்வொன்றையும் பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், காலையில் தொழிலாளருக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்று கேட்டால் ஒரு அம்மாவுக்குப் புரியுமா என்று.

‘வைத்தியசாலைப் பராமரிப்பில் திருப்தி அடைந்தீர்களா?’ என்பது கெட்ட கேள்வி. ‘ஆமா’ என்ற ஒரே பதிலுக்குத்தான் அதில் இடம் இருக்கிறது. ‘தாதியர் உங்களுக்கு விளக்கம் தந்தார்களா?’ என்று கேட்டால், கேட்பவரே ஒரு தாதியாக இருக்கும்போது, வேறு என்ன சொல்வார்?

நடந்ததைக் கதையாகச் சொல்ல விடுங்கள். “புள்ளய முதல்ல பாத்த அன்னைக்கு என்ன நடந்திச்சு? காலையில இருந்து சொல்லுங்க.” இந்த ஒரு கேள்விக்கே அரை மணித்தியாலம் பேசியவர்கள் உண்டு. யார் கூட்டிப்போனது, செருப்பை எங்கே விட்டது, கண்ணாடிப் பெட்டியில் எது தன் பிள்ளை என்று எப்படித் தெரிந்தது, இதெல்லாம் தானாக வரும்.

வேறு சில:

“அங்க இருக்கையில உங்களுக்கு வெளங்காத பேச்சு ஏதாவது இருந்திச்சா? அப்ப என்ன செஞ்சீங்க?” மொழிச் சிக்கலைக் குற்றச்சாட்டாக்காமல் கேட்கும் வழி இது. வார்டில் பலர் சிங்களத்தில் பேச, அம்மா பக்கத்துக் கட்டில்காரரின் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொள்வது நமக்குத் தெரிந்த காட்சி.

“நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப வீட்டுல யாரு என்ன பாத்தாங்க?” இதில் பஸ் காசு, மற்றப் பிள்ளைகள், பிள்ளைமடுவம் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்), கணவரின் இல்லாமல் போன பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) எல்லாம் வரும். பேறுகால லீவைப் பற்றியும் கேளுங்கள். சட்டப்படி 84 நாள். பிள்ளை ஆறு வாரம் வார்டில் இருந்தால் அதில் பாதி அங்கேயே போய்விடுகிறது. மிச்ச நாள் முடிந்து கொழுந்துக் கூடையைத் தூக்கும்போது அந்தப் பிள்ளைக்கு, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்குப் பார்த்தால், பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தையின் வளர்ச்சிதான் இருக்கக்கூடும்.

“வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி எப்படிப் போச்சு?” இந்தக் கேள்வியை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள்.

“உங்க தங்கச்சிக்கு இப்படி ஒரு புள்ள பொறந்தா, என்ன சொல்லி அனுப்புவீங்க?” தனக்குக் குறை சொல்லத் தயங்குபவர் தங்கச்சிக்காகத் தயங்குவதில்லை. நான் கற்றதிலேயே பயனுள்ள கேள்வி இது.

எழுதி முடித்து, குழுவின் கடிதமும் கைக்கு வந்த பிறகு, இரண்டு அம்மாக்களிடம் முயன்று பாருங்கள். தடுக்கிய கேள்வியைத் தூக்கிவிடுங்கள்.

படி 6: நேர்காணல்

சீருடை வேண்டாம். வார்டுக்குள் வேண்டாம். பிள்ளை வீட்டுக்குப் போய் நான்கு முதல் ஆறு வாரத்தில் நல்ல நேரம். நினைவு மங்கியிருக்காது, பயம் கொஞ்சம் விலகியிருக்கும்.

லயத்துக்குப் போவதானால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். ஆனால் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் இருக்கிறது, இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். மனம் திறந்து பேச அது இடமில்லை. கோயில் மண்டபமோ, விடுமுறை நாளில் பூட்டியிருக்கும் பிள்ளைமடுவமோ, கிளினிக் முடிந்த பிறகு அந்த அறையோ, எது சரி என்று அம்மாவிடமே கேளுங்கள். மாமியார் கூடவே உட்கார்ந்தால் எழுப்பிவிடாதீர்கள். முதலில் அவரையே பேட்டி எடுங்கள், மரியாதையாக, முழுமையாக. அவர் சொல்ல வேண்டியது முடிந்ததும் தேத்தண்ணி ஊற்றப் போவார். அப்போது அம்மா பேசுவார்.

போனிலேயே பதியலாம். மழை பெய்தால் நிறுத்திவிடுங்கள். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் பதிந்த ஒரு முழு நேர்காணல் எனக்கு ஒன்றுக்கும் உதவாமல் போயிருக்கிறது.

நான் தோட்டத்தில் பிறந்தவள். அது உதவியும்தான், இடைஞ்சலும்தான். “உங்களுக்குத் தெரியாததா மிஸ்ஸி” என்று சொல்லிவிட்டு அம்மா நிறுத்திவிடுவார். எனக்கும் தெரியும் என்றே தோன்றும், தலையை ஆட்டிவிடுவேன். பதிவில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். இப்போது, “தெரியாது தங்கச்சி, நீங்களே சொல்லுங்க” என்கிறேன். சொன்ன பிறகு பார்த்தால், உண்மையிலேயே எனக்குத் தெரியாத ஒன்றாக இருக்கும்.

தமிழ் தெரியாத சகோதரத் தாதியர் இந்த ஆய்வைச் செய்வதானால் மொழிபெயர்ப்பாளர் வார்டு ஊழியராகவோ அம்மாவின் உறவாகவோ இருக்கக் கூடாது.

அழுதால் பதிவை நிறுத்துங்கள். தண்ணீர் கொடுங்கள். அவசரப்பட்டு ஆறுதல் சொல்லாதீர்கள், சும்மா பக்கத்தில் இருங்கள். தொடரலாமா, இன்னொரு நாள் வரவா என்று கேளுங்கள். தூக்கமில்லை, பிள்ளையைத் தூக்க மனமில்லை, வாழப் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் நீங்கள் ஆய்வாளர் இல்லை, தாதி. அன்றைக்கே சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கோ வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கோ இணைத்துவிட வேண்டும். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. இதற்கான ஏற்பாட்டைத் தொடங்குவதற்கு முன்பே எழுதி வைத்திருங்கள்.

படி 7: கேட்டதை எழுதுதல்

ஒரு மணித்தியாலப் பதிவை எழுத ஐந்தாறு மணித்தியாலம் போகும். பேசியபடியே எழுதுங்கள். ‘ஈரக்கொல நடுங்கிருச்சு’ என்று சொன்னதை ‘மிகவும் பயந்தேன்’ என்று திருத்தாதீர்கள். மௌனத்தையும் குறியுங்கள்: ‘ஆறு விநாடி பேசவில்லை’, ‘பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தார்’.

ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டியிருந்தாலும் பகுப்பாய்வைத் தமிழிலேயே செய்யுங்கள். மேற்கோள் காட்டப்போகும் வரிகளை மட்டும் கடைசியில் மொழிபெயருங்கள். முதலிலேயே மொழிபெயர்த்தால் உங்கள் கையில் இருப்பது உங்கள் பேச்சு, அந்த அம்மாவின் பேச்சு அல்ல.

படி 8: பகுப்பாய்வு

வர்ஜீனியா பிரவுன், விக்டோரியா கிளார்க் இருவரும் 2006இல் எழுதிய கருப்பொருள் பகுப்பாய்வு முறை ஆரம்பக்காரருக்கு ஏற்றது. ஆறு கட்டம்: திரும்பத் திரும்ப வாசித்தல், குறியிடுதல், கருப்பொருள் தேடுதல், அதைச் சரிபார்த்தல், பெயர் வைத்தல், எழுதுதல். மென்பொருள் தேவையில்லை. கத்தரிக்கோல், பசை, பெரிய தாள் போதும்.

பயிற்சிக்காக நானே எழுதிய மூன்று வரிகளைப் பாருங்கள்.

“கைய உள்ள விடலாமான்னு கேக்க பயமா இருந்திச்சு.”
“பால குடுத்துட்டு வாசல்ல நின்னு பாத்துட்டு வந்துருவேன்.”
“வீட்டுக்கு வந்த பொறகுதான் எம்புள்ளன்னு நெனப்பு வந்திச்சு.”

புதியவர் இதற்கு ‘பயம்’, ‘பால்’, ‘சந்தோசம்’ என்று குறி வைப்பார். இப்படி ஒற்றைச் சொல்லாக வைத்தால் அம்மா செய்த காரியம் காணாமல் போய்விடும். ‘கேட்கத் தயங்குதல்’, ‘வாசலோடு திரும்புதல்’, ‘வீட்டில்தான் உரிமை வருதல்’ என்று வைத்துப் பாருங்கள். மூன்றையும் பக்கத்தில் ஒட்டினால் ஒரு வசனம் எழும்புகிறது: ‘வீடு போகும் வரை குழந்தை ஆஸ்பத்திரிக்குச் சொந்தமானது என்றே அம்மாக்கள் உணர்கிறார்கள்.’ கருப்பொருள் என்பது இப்படி ஒரு முழு வசனமாக இருக்க வேண்டும். ‘தாய்மாரின் உணர்வுகள்’ என்பது கருப்பொருள் அல்ல, அலுமாரி லேபல்.

பிறகு அந்த வசனத்துக்கு எதிரான அம்மாவைத் தேடுங்கள். இரண்டாம் நாளே கேட்டு வாங்கிப் பிள்ளையை மார்போடு வைத்தவர் ஒருவர் இருப்பார். அவருக்கு மட்டும் எப்படி முடிந்தது? தமிழ் பேசும் ஒரு ஊழியர் அன்று பணியில் இருந்தாரா, பக்கத்துக் கட்டில் அம்மா சொல்லிக்கொடுத்தாரா? உங்கள் ஆய்வின் பயனுள்ள பக்கம் பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கிறது.

படி 9: கேள்வித்தாள் பயன்படுத்துவதானால்

பெற்றோரின் மன அழுத்தத்தை அளக்க மார்கரெட் மைல்ஸ் குழுவினர் 1993இல் வெளியிட்ட அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. பிரிவின் காட்சிகளும் சத்தங்களும், குழந்தையின் தோற்றம், பெற்றோர் என்ற பங்கு பறிபோவது என்று மூன்று பகுதி. 1987இல் வந்த எடின்பரோ பேறுகால மனச்சோர்வு அளவுகோலில் கடந்த ஏழு நாளைப் பற்றிய பத்துக் கேள்விகள் உண்டு. பத்தாவது கேள்வி தனக்குத் தானே தீங்கு செய்யும் எண்ணத்தைப் பற்றியது. மொத்தப் புள்ளி எவ்வளவாக இருந்தாலும், பத்தாவதற்கு ‘ஒருபோதும் இல்லை’ தவிர வேறு பதில் வந்தால் அன்றே நடவடிக்கை எடுக்க வேண்டும். தாள்களைக் கட்டி வைத்து மாதக் கடைசியில் எண்ணுகிற பழக்கம் இங்கே ஆபத்து.

எந்த அளவுகோலையும் அதை உருவாக்கியவரின் அனுமதியோடு எடுங்கள். தமிழாக்கம் இருந்தாலும் அது எந்த ஊர்த் தமிழ் என்று பாருங்கள். ஐந்து அம்மாக்களிடம் வாசித்துக் காட்டி, “இந்தக் கேள்வி என்ன கேக்குது?” என்று கேளுங்கள். ஐந்து பேரும் ஒன்றையே சொன்னால் பயன்படுத்தலாம்.

படி 10: எழுதுதல்

நேர்காணல் ஆய்வுகளுக்கு கோரெக் என்ற 32 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் 2007 முதல் இருக்கிறது. பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் சஞ்சிகை திருப்பி அனுப்பும் காரணங்கள் குறையும். நீங்கள் யார், அந்த வார்டில் வேலை செய்பவரா, தோட்டத்தவரா, அது நேர்காணலை எப்படி மாற்றியது என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

படி 11: திருப்பிக் கொடுத்தல்

அறிக்கையை அச்சிடுவதற்கு முன் இரண்டு இடத்துக்குப் போக வேண்டும்.

ஒன்று வார்டு. ஒரு பக்கம் மட்டும், இரு மொழியில். யாரையும் குற்றவாளியாக்காமல், செய்யக்கூடிய ஒரே ஒரு மாற்றத்தோடு போங்கள். ‘கையைக் கழுவிவிட்டு என்னைத் தொடலாம், அம்மா’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய ஒரு அட்டையை ஒவ்வொரு இன்குபேட்டரிலும் தொங்கவிடுவது போன்ற ஒன்று. அதற்குக் கடிதமும் தேவையில்லை, வரவுசெலவும் தேவையில்லை.

இன்னொன்று, உங்களிடம் பேசிய அம்மாக்கள். இரண்டு மூன்று பேரிடமாவது திரும்பப் போய், நீங்கள் கண்டதாக நினைப்பதைப் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். பெரும்பாலானோர் தலையாட்டுவார்கள். தலையாட்டலை நம்பி எழும்பாமல், “எங்க நான் பிழையா வெளங்கிக்கிட்டேன்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். யாராவது ஒருவர், “அது அப்படியில்ல மிஸ்ஸி” என்று தொடங்குவார். பதிவுக் கருவியைத் திரும்பவும் போடலாமா என்று அனுமதி கேளுங்கள். வரப்போகும் திருத்தங்களுக்கு அட்டவணையில் இரண்டு வாரம் ஒதுக்கி வைத்திருங்கள்.